எதிரி தன் படையைச் சீர்திருத்தினால் நம் பயிற்சி என்னவாக வேண்டும்: இந்த வினாவை எழுதும் விதம்

சர்வதேச உறவுகள் பேப்பர் எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு, குறிப்பாக மட்டக்களப்புப் பக்கம் வகுப்பு வசதி இல்லாமல் நோட்ஸை மட்டும் நம்பிப் படிக்கிறவர்களுக்கு இது. போட்டி வல்லரசு சீர்திருத்தம் செய்யும்போது ஓர் இராணுவம் தன் பயிற்சியைச் சிதறாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்டால், பலர் சீனா கட்டிய கப்பலையும் ஏவுகணையையும் எழுதியே பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். கேட்டது பயிற்சியை. பயிற்சிக்குக் கிடைக்கிற நாட்கள் எந்தப் படைக்கும் குறைவு, அதனால் எதை விடுவது என்று யார் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும்.

நான் பிடித்துக்கொண்ட உதாரணம் வியட்நாமுக்குப் பிந்திய அமெரிக்கத் தரைப்படை. 1973 ஜூலையில் பயிற்சிக்கும் போர்க் கோட்பாட்டுக்கும் என்றே ஒரு கட்டளைப்பீடம் உருவானது, முதல் தளபதி ஜெனரல் வில்லியம் டெப்யூ. அதே ஆண்டு ஒக்டோபரில் சினாயில் எகிப்தியக் காலாட்படை சோவியத் ஏவுகணைகளால் இஸ்ரேலிய யுத்த தாங்கிகளை அடித்து நொறுக்கியது. அந்தப் போரை நுணுக்கமாக ஆராய்ந்த டெப்யூ, காட்டுப் போரை ஓரம் வைத்துவிட்டு ஐரோப்பாவில் சோவியத் படையை எதிர்கொள்வதையே இலக்காக்கினார். அவருடைய 1976 போர்க் கோட்பாட்டுக் கைநூல் தற்காப்பிலேயே நிற்கிறது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது, 1982இல் வேறு கோட்பாடு வந்தது. கோட்பாடு மாறினாலும் இலக்கு அதேதான், இதை மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம் கலிபோர்னியாப் பாலைவனத்தில் இருக்கும் போர்ட் இர்வின், அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் தளம். 1980களில் சோவியத் முறையில் சண்டை பிடிப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் எதிர்ப்படை அங்கே நிரந்தரமாக இருந்தது, பயிற்சிக்கு வருகிற பிரிவுகள் அதனிடம் அடிக்கடி தோற்றன, யார் சுட்டார் யார் விழுந்தார் என்பதை லேசர் கருவி சொல்லிவிடும், முடிந்ததும் பதவி பார்க்காமல் ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து பேச வேண்டும். எதிரியின் மாற்றம் அறிக்கையோடு நின்றுவிடாமல் சிப்பாயின் கண்முன் வந்து நின்றது இங்கேதான்.

ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் அதே இடத்தில் மாதிரிக் கிராமங்கள் அமைத்துக் கிளர்ச்சி எதிர்ப்பைப் பழகினார்கள். அன்றைய தேவை அது, ஆனால் பெரும் போருக்கான பழக்கம் தேய்ந்தது, அமெரிக்கத் தரைப்படையின் 2017 கைநூலில் கவனம் மறுபடி பெரும் போரின் பக்கம் திரும்பியது. சீனாவோ 2016இல் ஏழு இராணுவப் பிராந்தியங்களை ஐந்து போர்க்களக் கட்டளைகளாக்கி, அடுத்த ஆண்டு 18 படைத்தொகுதிகளை 13 ஆகக் குறைத்தது. இந்த எண்கள் எல்லாருடைய விடையிலும் இருக்கும். உள் மொங்கோலியாவின் சூரிஹே தளத்தில் எதிரிபோலச் சண்டையிடும் 'நீலப்படை' ஒன்றைச் சீனாவும் வைத்திருக்கிறது, அதைச் சேருங்கள், போர்ட் இர்வினோடு நேரே ஒப்பிடலாம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இராணுவம் என்ற சொல்லே பல நினைவுகளைக் கிளறும். எனக்கும்தான், அது இயல்பு. அந்த நினைவுகள் விடைக்குள் புகுந்துவிடாமலிருக்க, பேனையை எடுப்பதற்கு முன் வினாவை இரண்டு தரம் வாசித்து, அது கேட்கிற நாட்டையும் காலத்தையும் ஓரத்தில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். நேரம் போதாவிட்டால் சீனப் பந்தியைச் சுருக்கலாம், போர்ட் இர்வின் பந்தியில் கை வைக்காதீர்கள்.