தட்டு காட்டிய 28: மீன் கிடங்குக் குறிப்பேட்டிலிருந்து

கடந்த ஒன்பது மாதங்களில், என் மீன் கிடங்கு நீரின் தெளிவை அளக்க இறக்கும் தட்டு, 28 சென்றிமீற்றர் ஆழத்தில் மறைகிறது என்று மூன்று தடவைகள் காட்டியிருக்கிறது. மூன்று தடவையும் நான் குறிப்பேட்டில் "தண்ணீர் நல்லது" என்று எழுதிவைத்தேன். ஒரு தடவைதான் அது உண்மையாக இருந்தது. மற்றைய இரண்டில் ஒரு தண்ணீர் மீன்களைப் பட்டினி போட்டது; மற்றது ஒரே விடியற்காலையில் ஏழு கட்லா மீன்களைக் கொன்றது.

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வளவின் பின்புறத்தில், வீடு கட்டுவதற்கு மண் எடுத்த பள்ளத்தை 40 அடி நீளம், 25 அடி அகலம், நாலரை அடி ஆழத்துக்கு விரித்து இந்தக் கிடங்கைச் செய்தேன். வன்னியில் குளம் என்று சொன்னால் கேட்பவர் இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய நீர்ப்பாசனக் குளங்களை நினைப்பார் என்பதால், இதைக் குளம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இது மீன் கிடங்குதான். வாய்க்காலில் தண்ணீர் வரும் காலத்தில் அதிலிருந்தும், மற்றைய காலத்தில் கிணற்றிலிருந்தும் நிரப்புகிறேன். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 40, நடுநீரில் மேயும் ரோகு 40, அடியில் கிளறித் தின்னும் மிரிகால் 20 என்று குஞ்சுகள் விட்டேன். வாய்க்கால் நீரோடு திலாப்பியாக் குஞ்சுகளும் கேட்காமலே வந்து சேர்ந்தன. 1952 இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், வலை கட்டாத குழாய் வாயைக் கண்டால் விட்டுவைக்காது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிய வானியலாளர் அஞ்சலோ செக்கி 1865 இல் கடல்நீரின் தெளிவை அளப்பதற்கு வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். இன்று மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்துவது 20 சென்றிமீற்றர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்களாகப் பிரித்துப் பூசிய வட்டம். நான் பெயின்ற் வாளியின் மூடியை வெட்டி, அடியில் ஓர் இரும்பு நட்டைப் பூட்டிச் செய்தேன். முதலில் பருத்திக் கயிற்றில் முடிச்சுகள் போட்டு அளந்தேன். கயிறு நனைந்ததும் சுருங்கி இரண்டு வாரம் பொய்க் கணக்குச் சொன்ன பிறகே, அளவு கீறிய பிவிசி குழாயில் தட்டைப் பொருத்தினேன். தட்டு மறையும் ஆழத்தையும், உயர்த்தும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். மீன் வளர்க்கும் நீருக்கு 25 முதல் 40 வரை ஏற்றது என்பது பொதுவான கணக்கு. ஆனால் தண்ணீரில் ஏதோ ஒன்று மிதந்து தட்டை மறைக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது. என்ன மிதக்கிறது என்று அது சொல்லாது.

முதலாவது 28 மார்கழி மழைக்குப் பின்னர் வந்தது. வடமேற்கு வரம்பின் செம்மண் கரைந்து உள்ளே இறங்கி, தண்ணீர் பால் அதிகமாக விட்ட தேநீரைப் போல நின்றது. தட்டு சரியான அளவைக் காட்டியதால் மீனுக்கு உணவாகும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான பிளாந்தன் பெருகிவிட்டது என்று நம்பி, எருவும் போடாமல் தீனியும் குறைவாகக் கொடுத்து ஐந்து வாரங்கள் இருந்தேன். மாசியில் வீச்சுவலை போட்டுப் பார்த்தபோது குஞ்சுகள் விட்ட அளவிலிருந்து அதிகம் வளர்ந்திருக்கவில்லை. அன்றுதான் ஒரு சோடாப் போத்தலில் தண்ணீரை எடுத்து யன்னலில் வைத்தேன். இரண்டு நாள் கழிந்தும் அது அப்படியே கலங்கியிருந்தது. களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை திரண்டு கீழே இறங்குவதில்லை. வெளிச்சமும் உள்ளே போகாததால் பாசியும் பெருகாது. வீட்டுக் குடத்து நீரென்றால் அம்மம்மா தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்துவிடுவார். இந்தக் கிடங்குக்கு எத்தனை மூட்டை கொட்டை வேண்டும் என்று அவரே கேட்டுச் சிரித்தார். வைக்கோலைச் சிறு கட்டுகளாகக் கட்டி ஓரங்களில் அமிழ்த்தி, மழைநீர் வெளியே ஓட வரம்புக்கு மேலே ஒரு கானும் வெட்டினேன். வைக்கோல் அழுகும்போது ஒட்சிசனை உண்ணும் என்பதால் பத்து நாளில் எல்லாக் கட்டுகளையும் வெளியே இழுத்துப் போட்டேன். தட்டு 28 இலிருந்து 55 க்குப் போனது. அளவு கெட்டுவிட்டது போலத் தெரிந்தாலும், அன்றுதான் கிடங்கு எருவுக்கு ஆயத்தமானது.

அடுத்தது எரு. மாட்டுச் சாணியைச் சாக்கில் கட்டி மூலையில் தொங்கவிட்டேன். சிறிதளவு யூரியாவும் ரி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் உரமும் சேர்த்தேன். ரி.எஸ்.பி.யை அப்படியே எறிந்தால் மணிமணியாக அடியில் போய் விழும், அதிலுள்ள பொஸ்பரசைச் சேறு பிடித்துக்கொள்ளும். எனவே முதல்நாள் இரவு வாளியில் ஊறவைத்து, மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு கலக்கித் தெளித்தேன்.

பன்னிரண்டாம் நாள் இரண்டாவது 28. இந்த முறை தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது. சேலைக்கு அச்சடிக்கும் சட்டத்தில் பூட்டும் நுண்வலைத் துணியைக் கூம்பாகத் தைத்து, பத்து லீற்றர் வாளியால் ஐந்து தடவை வடித்து, நுனியில் தேங்கியதைப் மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதல் வாரத்தில் கண்டவை பெரும்பாலும் வாயைச் சுற்றி மயிர்ச் சக்கரம் சுழலும் ரொட்டிபர்கள் என்ற நுண்ணிய விலங்குகள். அவை விரைவாகப் பெருகுபவை. அதற்கடுத்த வாரம் மொய்னாக்கள் என்ற சிறு நீர்த்தெள்ளுகள் வந்தன. ஒரு மொய்னா கண்ணாடித் துண்டின் நடுவில் அகப்பட்டு நின்றது. கண்ணாடி போன்ற ஓட்டுக்குள்ளே உணவுக்குழாய் ஒரு பச்சைக் கோடாக வளைந்து போனது, முதுகுப்புறத்தில் இதயம் எண்ண முடியாத வேகத்தில் துடித்தது, அதற்குப் பின்னால் இன்னும் பிறக்காத குஞ்சுகள் உருண்டையாக அடுக்கியிருந்தன. அக்காவின் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பாசியைச் சாப்பிட்டிருக்குது, வயித்துக்குள்ள தெரியுது" என்றாள். நான் மூன்று பக்கங்களில் எழுதி வைத்திருந்த உணவுச் சங்கிலியை அவள் ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள். கட்லா வளர்ந்தது அந்தப் பங்குனி, சித்திரையில்தான்.

மூன்றாவது 28 க்கு நானே காரணம். வைகாசியில் வற்றாப்பளைக் கோயில் பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து, மீன் தீனியை நன்றாக எடுக்கிறது என்ற மகிழ்ச்சியில் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் இரட்டிப்பாகக் கொடுத்தேன். சாணிச் சாக்கையும் எடுக்கவில்லை. ஆடி மாதத்தில் தண்ணீர் கரும்பச்சையானது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் பகல்களில் வடகிழக்கு மூலையில் பச்சைப் பெயின்ற் கொட்டியதுபோல ஓர் ஆடை ஒதுங்கியது. அதிலிருந்து ஒரு துளியை எடுத்துப் பார்த்தபோது கடுகுமணிகளைப் பசையால் ஒட்டியது போன்ற கட்டிகள் தெரிந்தன. அது மைக்ரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. தன் உடலுக்குள் வாயு அறைகள் வைத்திருப்பதால் அது மேலே மிதந்து வெளிச்சத்தை மறித்துக்கொள்ளும். சாதாரண மொய்னாவால் அந்தக் கட்டிகளை விழுங்க முடியாது. வலையில் மொய்னாக்கள் குறைந்துகொண்டு போனதைக் கண்டும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குக் காரணம் என்னுடைய ஒட்சிசன் அளவு. துளி விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் என்று வந்தது. 5 இருந்தாலே மீனுக்குப் போதும். ஆனால் நான் ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணிக்கே அளந்தேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வருகிறேன். பகலெல்லாம் ஒட்சிசனைக் கொடுக்கும் அதே பாசி இரவு முழுவதும் அதை எடுத்துக்கொள்கிறது. நாளின் மிகக் குறைந்த அளவு சூரியன் எழுவதற்குச் சற்று முன்னரே வரும். 11 என்ற எண்ணே ஓர் எச்சரிக்கை. 30 பாகை வெப்பமுள்ள நீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடியது ஏழரை அளவுதான். அதற்கு மேலே உள்ளதெல்லாம் பாசியின் உபயம், இரவில் திரும்பக் கேட்கப்படும் கடன்.

இரண்டு நாள் மப்பும் மந்தாரமுமாக, காற்றும் இல்லாமல் கிடந்தது. மூன்றாம் நாள் விடிய 5 மணிக்கு நாய் குரைத்ததால் வெளியே போனேன். கிடங்கின் மேற்பரப்பு முழுவதும் வட்டமான வாய்கள். டோர்ச் வெளிச்சத்துக்கும் அவை கீழே போகவில்லை. ஒட்சிசன் 1.5. கிணற்று மோட்டரைப் போட்டு, குழாய் நுனியில் துளையிட்ட தகரத் தட்டைக் கட்டி, நீரை மழைபோல விழச் செய்தேன். கிணற்று நீரிலும் ஒட்சிசன் குறைவு என்பதால் அதைச் சிதறடிக்காமல் விட்டால் பயனில்லை. ஏழு மணிக்கு வாய்கள் கீழே போயின. ஏழு கட்லாக்கள் போகவில்லை.

அன்று பிற்பகல், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 9 ஆகவும், மொத்த அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராமாகவும் இருந்தன. பாசி பகலில் காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது. 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். 9 ஆக இருந்தால் அது நூற்றில் 45 வரை போகும். எனவே தப்பிய மீன்களும் விடியலில் மூச்சு முட்டி, பிற்பகலில் நஞ்சு குடித்தவை.

கடையொன்றில் பாசியைக் கொல்லத் துருசு (செப்புச் சல்பேற்று) போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. பாசி முழுவதும் ஒரே நாளில் செத்தால் அது அழுக வேறு ஒட்சிசன் வேண்டும், உடையும் கலங்களிலிருந்து நச்சும் வெளியேறலாம். தீனியை நிறுத்தி, சாணிச் சாக்கை எடுத்து, மூலையில் ஒதுங்கிய ஆடையைப் பழைய வேட்டியால் வடித்துப் புதைத்து, மூன்றில் ஒரு பங்கு நீரை நான்கு நாள்களில் மாற்றினேன். ஆடுகள் குடிக்காமல் சுற்றி வலை அடித்தேன்.

இப்போது தட்டு வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு போத்தலையும் யன்னலில் வைக்கிறேன். களிமண் நீர் கலங்கியே நிற்கும். நீலப்பச்சை மறுநாள் கழுத்தில் வளையமாக ஏறும். நல்ல தண்ணீரில் மெல்லிய படிவு அடியில் இறங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் துள்ளும். ஒட்சிசனை விடிய 5.20 க்கு அளக்கிறேன். நேற்று 4, தட்டு நண்பகலில் 36, போத்தலில் துள்ளும் புள்ளிகள் எண்ணக்கூடிய அளவில் இருந்தன. மாரிக்கு முன்னர் வடமேற்கு வரம்பில் அறுகம்புல் பதித்துவிட வேண்டும். சாக்கில் பாதி வந்துவிட்டது, மீதியை வாய்க்கால் கரையில் வெட்டி எடுக்கிறேன்.