காமன் ஆப் கட்டுரைக்கு என்ன எழுதுவது என்று நான் திண்டாடிய கதை

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு மார்க், எஸ்ஏடி தேர்வு எல்லாம் தாண்டி ஒரு தலைவலி உண்டு. பல காலேஜ்களுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடுகிற காமன் ஆப் தளத்தில், தன்னைப் பற்றி எழுத வேண்டிய பர்சனல் எஸ்ஸே. குறைந்தது 250 வார்த்தை, அதிகபட்சம் 650, அதைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளாது. ஏழு தலைப்பு கொடுப்பார்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அதில் ஏழாவது 'உன் விருப்பம்போல் எதையாவது எழுது'. கோனார் உரை பார்த்துப் படித்து வளர்ந்தவனுக்கு அந்த ஏழாவதுதான் பயமே.

கேட்ட சீனியர்கள் எல்லாரும் 'மனசைத் திறந்து எழுதுடா' என்றார்கள். சரி என்று தாத்தா இறந்ததை எழுதினேன். படித்துப் பார்த்தால் பக்கம் முழுக்கத் தாத்தாதான் இருக்கிறார், என்னைக் காணோம். தாத்தாவுக்கா அட்மிஷன் கொடுக்கப் போகிறார்கள்? அப்புறம் கொரோனா சமயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததை எழுதினேன், அதில் நான் இருந்தேன், ஆனால் சுதந்திர தினப் பேச்சுப் போட்டி மேடையில் நிற்கிற நான்.

பெரிய சோகம் எது என்று தேடுவதை விட்டுவிட்டு, கிளாஸ் பசங்க திடீரென்று வீட்டுக்கு வந்தால் எதையெல்லாம் மறைப்பேன் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்த பிறகுதான் வழி கிடைத்தது. அம்மா வளையலின் அடகுச் சீட்டு கிடக்கிற பிஸ்கட் டப்பா. பீரோவுக்குப் பின்னால் அப்பா செருகி வைத்த நோட்டீஸ். அப்பாவின் பட்டன் போன். அந்தப் போனைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

அப்பா திருப்பூரில் பவர் டேபிள், அதாவது தையல் மெஷின்கள் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையானால் கையில் ரொக்கமாகச் சம்பளம் கொடுத்தாக வேண்டிய தொழில், 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் ஆட்களை விடக்கூடாதே என்று வட்டிக்கு வாங்கினார், அங்கே பிடித்த சனி வருஷக்கணக்கில் விடவில்லை. போன் எடுக்கிற வேலை எனக்கு. "அப்பா வெளியில போயிருக்காருங்க, வந்தா சொல்றனுங்க" என்பேன், அப்பா எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஒரு பைனான்ஸ்காரர் மட்டும் "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தைப் பற்றிக் கேட்பார். அவரை எனக்குப் பிடிக்கும். அவரிடம் பொய் சொல்வதுதான் கஷ்டம், ஆனால் மற்றவர்களிடம் நான் நன்றாகவே சொன்னேன், அதில் உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எழுதக் கூசிய வரி இதுதான், எனவே இதை நடுவில் வைத்துத்தான் மொத்தக் கட்டுரையையும் கட்டினேன்.

முதல் வரைவில் பாதிக்கு மேல் கடன் விளக்கம். ரன் வட்டி, கந்து வட்டி எல்லாம் அயோவாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எதற்கு? அதை வெட்டி, குடும்ப வருமானம் விழுந்த விவரத்தை மட்டும் 'கூடுதல் தகவல்' பகுதியில் நாலு வரியில் போட்டேன். அந்தப் பகுதி இதற்குத்தான் இருக்கிறது, பலரும் அதை மறந்துவிட்டுக் கட்டுரைக்குள் கணக்கு வழக்கெல்லாம் திணிக்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட் கடைசியில் 'அதனால்தான் எகனாமிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறேன்' என்று முடிக்கச் சொன்னார். முடிக்கவில்லை. எனக்கு எகனாமிக்ஸ் மேல் அப்படியொரு ஆசை கிடையாது.

வீட்டில் சொல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை, இது என் கதை மட்டும் இல்லையே. அப்பாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, சோற்றைப் பிசைகிற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், "அந்த பைனான்ஸ்காரர் பேரப் போட்றாத சாமி, அவர் பொண்ணு உங்க ஸ்கூல்தான்" என்றார். போட்டிருக்கவில்லை. அம்மாதான் "வீட்டு விஷயத்த ஊருக்கே சொல்றியா" என்று கத்தினார். காலேஜ் ஆட்கள் மட்டும்தான் படிப்பார்கள், அவர்களுக்குத் திருப்பூர் எந்தத் திசை என்றே தெரியாது என்று புரிய வைக்க ஒரு ராத்திரி ஆனது. "சரி, என் வளையல மட்டும் எடுத்துரு" என்றார். எடுத்தேன், அதற்கு முன்னால் 650-க்குள் அடங்காமல் படுத்திக்கொண்டிருந்த கட்டுரை அப்போதுதான் அடங்கியது.