வாக்காளர் பட்டியலில் இல்லாத தெருக்கள்

இலங்கைத் தமிழர் அகதி முகாமுக்கு அரிசியும் பணக்கொடையும் கொடுப்பது வருவாய்த் துறை. ஆள் கணக்கு எடுப்பதும் அவர்கள்தான். கூடவே கியூ பிரிவு என்ற உளவுப் போலீஸ். எல்லோருக்கும் மேலே, சென்னையில் மறுவாழ்வுத் துறை ஆணையரகம். ஆனால் முகாமின் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், குடத்தோடு வந்து நிற்கும் இடம் ஊராட்சி அலுவலகம். தென்மாவட்டம் ஒன்றில், இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றைத் தன் எல்லைக்குள் வைத்திருந்த ஊராட்சியின் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள், 1990-இல் வந்தவர்கள், கடைசிப் போரின்போது வந்தவர்கள் என்று எல்லாக் கட்டத்தினரும் எங்கள் முகாமில் இருந்தார்கள். சிலருடைய தாத்தாக்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் திரும்பி வந்து இங்கே வெளிநாட்டவர் என்று பதிவேட்டில் ஏறியிருந்தது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. மேலே சட்டம் இல்லாத இடத்தில், கீழே உட்கார்ந்திருப்பவனின் மனநிலைதான் சட்டமாகிவிடுகிறது. ஓர் எழுத்தர் நல்லவராக இருந்தால் அன்றைக்கு முகாமுக்கு நல்ல நாள். இது பெருமைப்படக்கூடிய ஏற்பாடு இல்லை.

ஊராட்சியின் சிக்கல் வேறு வகை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. முகாமில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆகவே கிராம சபையிலும் இடம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 110-ஆம் பிரிவு குடிநீர், தெருவிளக்கு, வடிகால், சுடுகாடு ஆகியவற்றை ஊராட்சியின் கடமை என்கிறது. அங்கே வாக்காளர், வாக்காளர் அல்லாதவர் என்ற பிரிவினை கிடையாது. 2011 கணக்கெடுப்பில் முகாமின் தலைகளும் எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகையில்தான் சேர்ந்தன. மக்கள்தொகையைப் பார்த்துத்தான் மானியம் வருகிறது. தலையை எண்ணிப் பணம் வாங்கிக்கொண்டு, தாகத்துக்கு மட்டும் கணக்கு இல்லை என்பது என்ன நியாயம்? இதை நான் மன்றக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். “நீங்கள் எந்த ஊர்க்காரர் சார்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. வார்டு உறுப்பினர் தன்னைத் தேர்ந்தெடுத்த தெருவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். முகாமுக்கு ஒரு விளக்குப் போட்டால் அவருக்கு ஒரு வாக்கும் அதிகமாகாது. மேலத்தெருவில் நாலு வாக்குக் குறையும்.

எங்கள் மேல்நிலைத் தொட்டியிலிருந்து போகும் குழாயில் முகாம்தான் கடைமடை. ஊருக்கு வால்வைத் திறந்து, ஊர் பிடித்து முடித்த பிறகு முகாமுக்குத் திருப்புவார்கள். அதற்குள் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும். குழாயில் வருவது நூல் போல வரும். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று நின்று பார்த்தேன். முன்னால் நின்ற பெண் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு படி உளுந்தைப் புடைத்து முடித்துவிட்டார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எனக்குத்தான் உறுத்தியது, பழகிப்போன வரிசையில் சண்டை இருக்காது.

செலவே இல்லாத வேலைதான் கடைசியில் பலன் தந்தது. வாரத்தில் மூன்று நாள் முகாமுக்கு முதல் முறை என்று மாற்றி, நேரத்தைத் தொட்டியின் தூணிலேயே பெயிண்டால் எழுத வைத்தோம். எழுதியவர் முகாமைச் சேர்ந்தவர்; அங்குள்ள ஆண்களில் பாதிப் பேருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் பிழைப்பு. தூணில் எழுதிவிட்டால் அது தொட்டி இயக்குபவரின் தயவாக இருப்பதில்லை, முறையாகிவிடுகிறது. மேலத்தெருவிலிருந்து புகார் வந்தது. மழைக்காலம் வந்ததும் நின்றுவிட்டது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முகாமுக்கு மட்டும் என்று எந்த வேலைக்கும் தனியாக மதிப்பீடு போடுவதில்லை. தெருவிளக்கு என்றால் காலனி, கீழத்தெரு, முகாம் வாசல் மூன்றும் ஒரே கோப்பில் போகும். தனியாகப் போனால் தடுக்க ஆள் இருக்கும். சேர்ந்து போனால் தடுப்பவர் தன் தெருவின் விளக்கையும் சேர்த்துத் தடுக்க வேண்டியிருக்கும். இதைத் தந்திரம் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும்.

சுடுகாட்டு விஷயம் அப்படி எளிதாக முடியவில்லை. எங்கள் ஊரில் சாவுக்கும் சாதிவாரியாக இடம் உண்டு என்பதை விளக்க வேண்டியதில்லை. முகாமில் ஒரு மூதாட்டி இறந்துபோன அன்று, எந்த இடத்துக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி மத்தியானம் எழுந்து இருட்டும்வரை நீடித்தது. நானும் கிராம நிர்வாக அலுவலரும் தலைவரும் மாறி மாறிப் பேசினோம். மூதாட்டியின் மகன் எங்களோடு வாதாடவே இல்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே அடக்கம் செய்கிறோம் ஐயா, மழை வருவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். ஓடைக்கரைப் புறம்போக்கில் அடக்கம் நடந்தது. தலைவர் அன்றிரவே என் வீட்டுக்கு வந்து, அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதச் சொன்னார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்து, இருபது சென்ட் புறம்போக்கு நிலம் பொது மயானமாக வந்தது. பாதை போட்டு, அடிபம்பும் வைத்தோம். இப்போது ஊர்க்காரர்கள் சிலரும் அங்கேதான் கொண்டுபோகிறார்கள், பாதை நன்றாக இருக்கிறது என்பதற்காக.

2021 ஆகஸ்டில் அரசு முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆயிற்று. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவிப்பு. பத்துக்குப் பத்து அடி அறையில் சேலையைத் தடுப்பாகக் கட்டி இரண்டு தலைமுறை படுத்திருந்ததைப் பார்த்த எனக்கு, அந்த அறிவிப்பில் பணத்தைவிடச் சுவர்தான் பெரிதாகத் தெரிந்தது. ஊரில் பொறாமையும் எழுந்தது. எங்களுக்குத் தொகுப்பு வீடு எப்போது என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்களுடைய விண்ணப்பங்களைத் தேடி எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தேன். முகாமின் மீதான கோபத்தைக் குறைக்க, ஊரின் பழைய குறையைத் தீர்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு நல்ல செய்தி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்தியக் குடிமகன். இந்த அடிப்படையில், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளைஞரிடம், நம் முகாமில் அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார் யார், பிறப்புச் சான்று யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள் தம்பி என்று சொல்லியிருக்கிறேன். நாலைந்து பெயர்தான் தேறும். வார்டு உறுப்பினர்கள் அந்தத் தாளை மட்டும் கேட்காமலே வாங்கிப் பார்ப்பார்கள்.