நான்கு கடல், ஒரே தொட்டி: லிஸ்பனில் விமானம் மாறும்போது

பாஸ்டனிலிருந்து பாரிஸ் போகிற வழியில் லிஸ்பனில் ஏழெட்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மஞ்சள் டிராம் ஏறி அல்ஃபாமா போ, பெலெம் போய் கஸ்டர்டு டார்ட் சாப்பிடு. நல்ல யோசனைதான், ராத்திரி தூங்கியவர்களுக்கு. அட்லாண்டிக்கைத் தாண்டும் அந்த விமானம் ஆறு ஆறரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும், சாப்பாடு கொடுத்து ட்ரேயை எடுப்பதற்குள்ளேயே பாதி ராத்திரி போய்விடும், அந்தக் கண் எரிச்சலோடு லிஸ்பனின் மேடுகளில் ஏறி இறங்க என்னால் ஆகாது. அதனால் நேராக ஓசியனாரியோ என்ற மீன்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே இருட்டாக இருக்கும், உட்கார இடம் இருக்கும், பார்க்க வேண்டியதெல்லாம் நம்மைத் தேடி நீந்தி வரும்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஓரியெண்ட். ஷாப்பிங் மாலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் தேஜோ நதி. 1998இல் எக்ஸ்போ கண்காட்சிக்காகப் பழைய தொழிற்பேட்டைப் பகுதியைச் சுத்தம் செய்து உருவாக்கிய இடம் இது, கண்காட்சியின் பொருளே கடல்தான். ஏன் 1998? வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கி 500 வருஷம். ஆகவே மாலின் பெயர் வாஸ்கோடகாமா, கோபுரத்தின் பெயர் வாஸ்கோடகாமா, நதியைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகிற பாலத்தின் பெயரும் அதுவே. 1502இல் இரண்டாம் முறை வந்தபோது மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்கள் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவர் இவர்தான் என்பது ஞாபகம் வந்துவிட்டால், அந்த மாலில் காபி குடிப்பது கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. குடித்தேன், அது வேறு.

சரி, மீன்காட்சியகம். பழைய கப்பல்துறைத் தண்ணீருக்குள்ளேயே கட்டிடத்தை நிறுத்தி, பாலம் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். கட்டியவர் பீட்டர் செர்மாயெஃப் என்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர். ஒசாகாவில் இருக்கும் புகழ்பெற்ற கைய்யுகானும் இவர் வேலைதான். நடுவில் ஒரு பெரிய தொட்டி, 50 லட்சம் லிட்டர், 7 மீட்டர் ஆழம். நான்கு மூலைகளில் நான்கு கடற்கரைகள்: வட அட்லாண்டிக், அண்டார்க்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல். மூலைத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் தண்ணீரும் குளிரும் தனித்தனி. ஆனால் அவற்றுக்கும் நடுத்தொட்டிக்கும் இடையே இருப்பது அக்ரிலிக் சுவர் மட்டும், அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் பவளப்பாறை மீன்களை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவற்றுக்குப் பின்னால் ஒரு சுறா சாவகாசமாகக் கடந்து போகும், இரண்டும் ஒரே தண்ணீரில் இருப்பது போலவே தோன்றும். உலகத்தில் இருப்பது ஒரே கடல்தான் என்பதை இப்படிக் காட்டுகிறார்களாம். கண்கட்டு வித்தைதான், ஆனால் எந்த அறிவிப்புப் பலகையும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லிவிட முடியாது. மேல்தளத்தில் கரையையும் கீழ்த்தளத்தில் அதே கடலின் அடியையும் பார்க்கிற மாதிரி வழி போகிறது, எந்த மூலையை விட்டு நகர்ந்தாலும் மறுபடி அந்த நடுத்தொட்டி முன்னால்தான் வந்து நிற்போம்.

கீழ்த்தளத்தில் அந்தத் தொட்டியின் முன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருக்கை, சீலா என்று குழம்பில் பழக்கமான முகங்கள் ஒருபுறம். மணல் புலிச் சுறா ஒருபுறம், வாய்க்கு வெளியே பல் துருத்திக்கொண்டு. சுறாக்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. இந்த வகை மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும், அதனால்தான் வாலை ஆட்டாமலே அப்படி அந்தரத்தில் நிற்கிறது.

ஆனால் நான் வந்தது மோலா மோலாவுக்காக. தலையைச் செய்து முடித்ததும் களிமண் தீர்ந்துபோன பொம்மை போல ஒரு மீன். வால் என்று ஒன்று இல்லை, உடம்பு பின்பக்கம் சட்டென்று முடிந்துவிடுகிறது, மேலும் கீழும் இரண்டு நீண்ட துடுப்புகளைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து நகர்கிறது. முழு வளர்ச்சி அடைந்தால் இரண்டு டன்னைத் தாண்டக்கூடியது, முட்டையிலிருந்து வரும்போது சில மில்லிமீட்டர்தான். பெண் மீனின் வயிற்றில் ஒரே நேரத்தில் 30 கோடி முட்டைவரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை வளர்ப்பது மகா கஷ்டம், திறந்த கடலில் திரிகிற மீனுக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது, மோதித் தோலைக் கெடுத்துக்கொள்ளும், அதனால் உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அது கண்ணாடிப் பக்கம் வந்தபோதும் எனக்குத் திக்கென்றது. அந்தப் பெரிய வட்டக் கண் ஒரு நொடி என் பக்கம் இருக்கும், அப்புறம் திரும்பிவிடும். சுவர் தெரியாத ஒன்றைச் சுவருக்குள் வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் இருந்தது. இருந்தும் எழுந்து போக மனம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடல் நீர்நாய்கள் முன்னால் எப்போதும் கூட்டம். முதலில் இங்கே இருந்த ஜோடிக்குக் கால்பந்து வீரர் யூசேபியோ, ஃபாடோ என்ற போர்த்துகீசிய இசையின் பாடகி அமாலியா பெயர்களை வைத்திருந்தார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. பெங்குயின் பகுதியில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

மீன்தொட்டிக்குள் செடிகளால் காட்சி அமைப்பதில் பெயர்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோவின் நீர்க்காட்டைத் தவறவிடாதீர்கள். 40 மீட்டர் நீளத்தில் நன்னீர்த் தொட்டி, செடி, மரக்கட்டை, கல், நடுவே குட்டிக் குட்டி மீன்கள். 2015இல் திறந்தார்கள், அதே வருஷம் அவர் இறந்துபோனார். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இங்கிருந்து கிளம்ப மாட்டார்கள்.

எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். காலை 10 மணிக்குத்தான் திறக்கிறார்கள், அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். பாரிஸ் போவதால் என் ஷெங்கன் விசாவை (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) லிஸ்பனிலேயே பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள், திரும்பி வந்தபோது பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த விசா இல்லாமல் வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்களை மட்டும் விமான நிலையத்துக்கு வெளியே விட மாட்டார்கள், டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.