ராம்ப் விரிக்க இரண்டு நிமிடம்

சென்னையில் எலெக்ட்ரிக் பஸ் வந்த பிறகு யாரைக் கேட்டாலும் அதன் ஏ.சி.யைப் பற்றியும், சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நல்ல வண்டிதான், நானும் மறுக்கவில்லை. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து முதல் 120 பஸ்கள் கிளம்பின, ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்தும் ஓடத் தொடங்கின. ஆனால் என் கண் போவது மோட்டார் மேல் இல்லை, நடுக்கதவில் மடித்து வைத்திருக்கிற அந்தப் பலகை மேல். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறுவதற்கான ராம்ப் அது. பல பேர் அதன் மேல் நின்றுகொண்டே பயணம் செய்கிறார்கள், அது என்னவென்று தெரியாமலே.

மின்சாரம் ஒன்றும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1895லேயே மெட்ராஸ் தெருக்களில் மின்சார டிராம் ஓடியிருக்கிறது. 1953ல் நஷ்டம் தாங்காமல் கம்பெனி கையை விரித்தது, டிராமும் நின்றது. வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்டுகிற ஏற்பாடும் நன்றாக இருக்க வேண்டும். டிராமைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

சரி, ராம்புக்கு வருவோம். நம் பழைய டவுன் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம். அதாவது மூன்று படி. மூட்டு வலியோடு என் அத்தை ஏறும்போது முதல் படிக்கே கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும், பின்னால் நிற்கிறவர் பையை வாங்கிக்கொள்வார். அவராவது எப்படியோ ஏறிவிடுவார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த பஸ் இல்லவே இல்லை என்றுதான் அர்த்தம். தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளி செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. ரோடு சரியில்லை, மழைத் தண்ணீர் தேங்கும், எல்லா ரூட்டிலும் ஓட்ட முடியாது என்றெல்லாம் பதில் வந்தது. கடைசியில் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தள டீசல் பஸ்கள் இறங்கின, அடுத்த வருடம் எலெக்ட்ரிக் வண்டிகள். இவற்றின் தளம் 40 செ.மீ.தான். ஸ்டாப்பில் நிற்கும்போது ஏறுகிற பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நடைபாதை 15 செ.மீ. உயரம் வரை இருக்கலாம் என்பது சாலை விதி. டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால், ராம்ப் ஏற வேண்டிய உயரம் 40லிருந்து 15 போக 25 செ.மீ. வண்டி சாய்ந்தால் இன்னும் குறையும், துணைக்கு வருகிறவர் தள்ளிவிடலாம். ஆனால் பஸ் நடைபாதையிலிருந்து பத்தடி தள்ளி நடு ரோட்டில் நின்றால் ராம்ப் தார் மேல்தான் விழும், முழு 40 செ.மீ.யும் ஏறியாக வேண்டும். ஒரு கட்டடத்தில் 40 செ.மீ. ஏற ராம்ப் கட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம் வேண்டும் என்கிறது விதி. பஸ்ஸில் இருக்கிற பலகையை ஐந்து மீட்டருக்கு நீட்டவா முடியும்? அப்போது அது ராம்ப் இல்லை, சறுக்கு மரம். பின்னால் ஹாரன் அடிக்கிற பைக்குகளுக்கு நடுவில் யார் நாற்காலியை அதில் ஏற்றுவார்கள்?

ஆக, கோடிக்கணக்கில் செலவு செய்து வாங்கிய வண்டி எல்லாருக்குமானதா இல்லையா என்பதை, டிரைவர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது.

உடனே டிரைவரைத் திட்டாதீர்கள். எங்கள் ஏரியா ஸ்டாப்பில் நிழற்குடைக்கு முன்னால் எப்போதும் ஏழெட்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு இளநீர் வண்டி. அத்தனையும் நிற்கிற இடத்தில் 12 மீட்டர் பஸ்ஸை எப்படி ஒட்டி நிறுத்துவார்? பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவர்களும் நடைபாதையில் நிற்பதில்லை, ரோட்டில் இறங்கி நிற்கிறார்கள். நானும்தான், அங்கே நின்றால்தான் பஸ் வருவது தெரிகிறது. அப்புறம் டைம். ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிற நடைக்கு, இவ்வளவு நேரம் என்று ஷெட்யூல் போட்டிருப்பார்கள். ராம்பை கண்டக்டர் இறங்கி வந்து கையால் விரிக்க வேண்டும், நாற்காலி ஏறி, பெல்ட் மாட்டி, மறுபடி மடித்து விசில் கொடுக்க இரண்டு நிமிடமாவது ஆகும். அந்த இரண்டு நிமிடம் ஷெட்யூலில் இல்லையென்றால், ஒரு மாற்றுத்திறனாளி ஸ்டாப்பில் நிற்பதே அந்த டிரைவருக்கு லேட் ஆவதற்கான காரணமாகிவிடும். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும், பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பில் சில டிரைவர்கள் நிறுத்தாமல் போகிறார்கள் என்று ஊர் ஊராகப் புகார் கிளம்பியது ஞாபகம் இருக்கும். வசூலை வைத்து ஊழியர்களின் படிக்காசைக் கணக்கிடுகிற பழக்கம் இருக்கிற இடத்தில், காசு தராத பயணி யாருடைய கணக்கில் வருவார்?

எலெக்ட்ரிக் பஸ்ஸில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. வண்டி தனியார் கம்பெனியுடையது, டிரைவர் அந்தக் கம்பெனி ஆள், கண்டக்டர் மட்டும் போக்குவரத்துக் கழக ஊழியர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குப் பணம். டிக்கெட் வசூலைப் பற்றி டிரைவர் கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு வகையில் அது நல்லதே. ஆனால் கிலோமீட்டரை முடிக்க வேண்டுமே என்ற அவசரம் இருக்கும். ஒரே பஸ்ஸில் இரண்டு முதலாளி, இரண்டு சம்பளம், நடுவில் ஒரு ராம்ப். அதை விரிப்பது யார் வேலை, விரிக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று பயணி சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இதற்காகத்தான் பயிற்சி, பயிற்சி என்று நான் விடாமல் சொல்வது. கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது, நம் ஊர் டிரைவர்களின் கைத்திறமைக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்குப் பஸ் ஓட்டுகிறவருக்கு நானா ஓட்டச் சொல்லித் தர வேண்டும்? ஆனால் நடைபாதையை ஒரு சாண் இடைவெளியில் ஒட்டி நிறுத்துவது தனித் திறமை, அதைத் தினமும் பழகினால்தான் வரும். பழகுவதற்கு ஸ்டாப் காலியாக இருக்க வேண்டும். அது போலீஸும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை, டிப்போவுடையது இல்லை. 2022 கடைசியில் பஸ்ஸுக்குள் ஒலிபெருக்கியில் அடுத்த நிறுத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள், பார்வையில்லாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வெளியே ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு வந்து நிற்பது 29சி.யா, வேறா என்று அது சொல்லாது. அதற்கு இன்றைக்கும் பக்கத்தில் நிற்கிறவர் வாய்தான்.

டிரைவர் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பதும் இதில் சேர்த்திதான். 1993லேயே நாகர்கோவிலில் வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடம் கழித்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் செய்திச் சேனல்கள் மைக்கோடு ஓடுகின்றன என்றால், நடுவில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வேலைக்கு எடுப்பதோடு முடிகிற விஷயமில்லை இது. ரூட்டின் கடைசி ஸ்டாப்பில் சுத்தமான கழிப்பறை வேண்டும், ராத்திரி டூட்டி முடிந்தால் வீடு போக வண்டி வேண்டும். கண்டக்டர் வேலைக்கு வருகிற பெண்களுக்கும் இதேதான், ஆண்களுக்கும் இதேதான். சிறுநீரை அடக்கிக்கொண்டு இரண்டு சிங்கிள் ஓட்டுகிறவரிடம் போய்ப் பொறுமையாக ராம்பை விரியுங்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னும் பஸ்கள் வரப்போகின்றன, புதுப் புது டிப்போக்களில் சார்ஜரும் போடுவார்கள். டெண்டர் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். பேட்டரி, கிலோமீட்டர், ஏ.சி. என்று பக்கம் பக்கமாக எழுதுகிற இடத்தில் ஒரு வரி சேருங்கள்: ராம்ப் விரித்த டிரிப்பில் ஆகிற தாமதத்துக்கு அபராதமும் கிடையாது, மெமோவும் கிடையாது. அந்த வரியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழில் ஒட்டியும் வையுங்கள்.