எல்லாமே சிவப்பு

ஹாம் ரேடியோவில் பிற நாட்டுக்காரர்களோடு பேசுவது என் பொழுதுபோக்கு. பேசியதைக் குறித்து வைக்கும் புது லாகிங் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் எங்கே கேட்கிறார்கள் என்று ஹாம்கள் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரை இணைத்ததும், அந்தத் தகவல் வரிகளான ஸ்பாட்டுகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. பொடி எழுத்தில் சிவப்பும் பச்சையும் எனக்குக் குழம்பும். பக்கத்திலிருந்த மகள்தான் பார்த்துச் சொன்னாள்: "எல்லாமே சிவப்புப்பா. விளக்குத்தூண் ஆடித் தள்ளுபடி போர்டு மாதிரி இருக்கு."

சிவப்பு என்றால் இதுவரை பேசாத நாடு. ஆனால் ஜப்பான், இந்தோனேசியாவுடன் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், திருநகர் மொட்டைமாடியில் கட்டிய அதே கம்பி ஆன்டெனாவில்.

பழைய லாகை, மென்பொருள்களுக்கிடையே பதிவுகளை மாற்ற உதவும் ஏடிஐஎஃப் கோப்பாக எடுத்துத்தான் ஏற்றியிருந்தேன். ஒரு பதிவைத் திறந்து பார்த்தால் அழைப்புக் குறி, நேரம், பேண்டு எல்லாம் சரி. நாட்டு எண் மட்டும் காலி. மென்பொருள் நிறம் கொடுப்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான். நாடுகளின் கோப்பைப் புதுப்பித்து, முழு லாகையும் மறுபடி கணக்கிடச் சொன்னேன். ஒரு டீ குடித்து வருவதற்குள் பாதிப் பட்டியல், ஏற்கெனவே பேசியது என்று சாம்பல் நிறம் ஆகிவிட்டது.

இதில் ஒரு லாபமும் கிடைத்தது. அந்தமானிலிருந்து பேசிய வியூ4 என்று தொடங்கும் அழைப்புக் குறி கொண்ட ஒரு நிலையத்தைப் பழைய லாக் இந்தியாவில் சேர்த்து வைத்திருந்தது. பேசிய நாடுகளை எண்ணித் தரும் விருதான டிஎக்ஸ்சிசி கணக்கில் அந்தமானும் லட்சத்தீவும் தனித்தனி. கணக்கில் ஒன்று கூடியது!

ஆனாலும் கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் எஃப்டி8 முறையில் சாம்பலாக வந்த ஜப்பான், ரேடியோ தட்டச்சு முறையான ஆர்டிடிஒய்-யில் சிவப்பாகவே நின்றது. டிஎக்ஸ்சிசி-க்கு இரண்டும் டிஜிட்டல்தான். மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் இரண்டையும் ஒரே குழுவில் போட்ட பிறகுதான் அடங்கியது.

அப்புறம் நிறங்கள். புது நாட்டுக்கு மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. பேசியும் உறுதியாகாததற்கு நீலம். மற்றதெல்லாம் சாம்பல். நீலத்தைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: டிஎக்ஸ்சிசி சான்றிதழுக்கு 100 நாடுகள் வேண்டும், அத்தனையும் உறுதியானதாக இருக்க வேண்டும். பேசினால் மட்டும் போதாது, பேசியதை உறுதி செய்து எதிர்முனையிலிருந்து கார்டோ ஆன்லைன் பதிவோ வந்தாக வேண்டும். பச்சையை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் 21 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு மஞ்சள் வரி. மொரீஷியஸ், மோர்ஸில். சன்னமாகக் காதில் விழுந்தது. மோர்ஸ் கீயில் கை வைக்கவும் தெருவிளக்கு எரியவும் சரியாக இருந்தது. விளக்கு கிளப்பிய இரைச்சலில் மொரீஷியஸ்காரர் காணாமல் போனார். மஞ்சள் வரி மட்டும் அப்படியே நின்றது.