அடிக்குறிப்பில் செத்துப்போன லிங்குகள்: மீட்டதும் மீளாததும்

என் எழுத்தின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க ஒரு நாள் போதும் என்று ஒதுக்கியிருந்தேன். ஒரு வாரம் போனது. நூல்களும் இதழ்களும் சிக்கல் தரவில்லை. வாரத்தைத் தின்றவை இணையச் சான்றுகள்.

'404, பக்கம் இல்லை' என்று நேராகச் சொல்லும் லிங்க் தொல்லையே இல்லை. ஆபத்தானது, பழைய பக்கத்தைத் தூக்கிவிட்டு நம்மைச் சத்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பிவிடும் தளம். லிங்க் சரிபார்க்கும் மென்பொருளுக்கு அங்கே 200, அதாவது 'பக்கம் கிடைத்தது', என்ற பதில்தான் கிடைக்கும். அதுவும் 'சரி' என்று குறித்துவிடும். பக்கம் அப்படியே இருந்து, நாம் மேற்கோள் காட்டிய வரி மட்டும் திருத்தப்பட்டிருப்பதும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் கையால் திறந்து, மேற்கோள் வரியில் நாலு சொல்லைப் பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். குறுக்கு வழி கிடையாது.

செத்தவற்றில் பெரும்பாலானவை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் காப்பகமான வேபேக் மெஷினில் கிடைத்தன. நாம் பார்த்த நாளுக்கு நெருக்கமான பிரதியைத்தான் எடுக்க வேண்டும், ஆகப் புதியதை அல்ல. அந்த முகவரியின் நடுவில் வரும் 14 இலக்க எண்தான் சேமித்த நேரம்: ஆண்டுக்கு 4, மாதம், நாள், மணி, நிமிடம், நொடிக்கு இரண்டிரண்டு. அது உலகப் பொது நேரம் என்பதால் நம் குறிப்பிலுள்ள தேதியோடு ஒரு நாள் முன்பின் வரலாம்.

'பிரதி இல்லை' என்று வந்தாலும் உடனே விட்டுவிடாதீர்கள். லிங்கின் வாலை வெட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். கேள்விக்குறிக்குப் பின் யூடிஎம் (utm) என்றோ எஃப்பிசிஎல்ஐடி (fbclid) என்றோ தொடங்குபவை, வாசகர் எங்கிருந்து வந்தார் என்று கண்காணிக்கும் ஒட்டுகள். அவை ஒட்டியிருந்தால் காப்பகம் அதை வேறு முகவரியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வருவது எல்லாமே குப்பை இல்லை. கட்டுரையின் எண்ணே அங்கேதான் இருக்கிற தளங்களும் உண்டு. ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் நம் கணக்குகள் எதுவும் நுழைந்திராத இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். நூலகக் கணக்கு வழியாக வந்த லிங்குகளும் அங்கேதான் பிடிபடும். நமக்குத் திறக்கும், வெளியாளுக்கு உள்நுழைவுப் பக்கம்தான் வரும்.

தமிழ்த் தலைப்பையே முகவரியாக வைக்கும் தளங்கள் தனிப் பாடு. முகவரிப் பட்டையில் 'தமிழ்' என்று தெரியும். நகலெடுத்து ஒட்டினால் 45 எழுத்து நீளத்துக்கு % குறிகள் வந்து விழும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியன்கள், அதாவது கணினி தனித்தனியாக எண்ணும் குறிகள். எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாகிறது. எட்டுச் சொல் தலைப்பு பல வரிகளை அடைத்துவிடும். அச்சில் தமிழ் வடிவத்தைப் போட்டு, பிடிஎஃப் கோப்பில் அதன் அடியில் % வடிவத்தை இணைப்பாகப் பொதித்து வைத்தேன். இரண்டும் தேவை. 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியனாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, சில சர்வர்களுக்குத் தெரியும், பக்கம் திறக்காது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் இடம் மாறுவதும் வழக்கம்தான்.

நீளத்தைக் குறைக்க லிங்க் சுருக்கும் சேவைகளுக்குப் போகவே போகாதீர்கள். கூகுள் தன் சுருக்கியில் புது லிங்க் உருவாக்குவதை 2019-இல் நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25-உடன் வேலை செய்யாது என்று 2024-இல் அறிவித்து, கடைசி நேரத்தில் புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தது. அடிக்குறிப்பின் ஆயுளை அப்படி ஒரு முடிவில் தொங்கவிடக் கூடாது. ஆய்வுக் கட்டுரைக்கு டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண் இருந்தால் அதுவே போதும், நீண்ட முகவரி எதற்கு? 10 என்று தொடங்கும் அந்த எண்ணை முழுதாக எடுங்கள். வரி மடியும் இடத்தில் பாதி அறுந்து வருவது அடிக்கடி நடக்கும்.

பக்க வடிவமைப்பிலும் லிங்க் உடையும். வரி முடிவில் மென்பொருள் தானாகச் சேர்க்கும் சிறுகோடு முகவரியின் பகுதியாகிவிடும். சாய்கோட்டுக்குப் பின் சிறுகோடு இல்லாமல் மடியுங்கள். வாக்கிய முடிவின் முற்றுப்புள்ளியும் லிங்கோடு ஒட்டும். நான் லிங்கில் முடியும் குறிப்புகளில் புள்ளியே வைக்கவில்லை. லாடெக் (LaTeX) என்ற பக்க அமைப்பு மென்பொருளில் எழுதுவோர் % குறியைக் கவனியுங்கள்: வெறும் உரையில் அதற்குப் பின் அந்த வரியில் வருவது முழுவதும் கருத்துரையாகி மறைந்துவிடும்.

இப்போது ஒரு பக்கத்தைப் படித்த அன்றே வேபேக்கில் சேமித்து, சேமித்த பிரதியையும் திறந்து பார்த்துவிடுகிறேன். உள்ளடக்கத்தை ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்) வழியாக ஏற்றும் தளங்களில் வெற்றுச் சட்டகம் மட்டும் பதிவாகும். அப்படிப்பட்டவற்றுக்கும் உள்நுழைவு கேட்பவற்றுக்கும் பிடிஎஃப் எடுத்து வைப்பதுதான் வழி. குறிப்பில் மூல முகவரி, காப்பக முகவரி இரண்டும் வேண்டும். காப்பகங்களும் நிரந்தரம் இல்லை, வெப்சைட் (WebCite) என்ற பெயர் கொண்ட காப்பகம் 2019-இல் புதிய பக்கங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.

எங்கும் அகப்படாத சில மிச்சமாயின. அவற்றை நீக்கவில்லை. ஆசிரியர், தலைப்பு, வெளியான நாள், பார்த்த நாள் எல்லாம் கொடுத்து, 'இணைப்பு இப்போது செயல்படவில்லை' என்று எழுதினேன். என் எழுத்தைச் சரிபார்த்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.